ரெண்டு சீதா, ரெண்டு உல்ட்டா

ஒரு முழுக்கை ஸ்வெட்டருக்குத் தேவையான நல்ல கம்பளி நூலுக்குத் தில்லியில் இன்று கொடுக்கிற விலையில், சரோஜினி நகர் நடைபாதையில் பின்னி முடித்த ஸ்வெட்டரே மூன்று வாங்கிவிடலாம். பேரம் பேசத் தெரிந்தவர் நாலாவதையும் வாங்கி வருவார். ஐம்பது, அறுபது வருஷம் முன்னால் இந்தக் கணக்கு தலைகீழ். கடையில் தொங்கும் ஸ்வெட்டர் பெரிய ஆபீசர் வீட்டுச் சமாசாரம். கிளார்க் வீட்டில் அஞ்சு பேர் இருந்தால் அஞ்சு பேருக்கும் அந்த வீட்டுப் பெண்தான் பின்னியாக வேண்டும். தீபாவளி பட்சணம் தீருகிற சமயத்தில் ஆரம்பித்தால், பொங்கலுக்குள் கடைசிக் குழந்தையின் ஸ்வெட்டருக்குக் கழுத்து மூடும். பின்னல் தில்லியில் பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. சிக்கனமாக இருந்தது, பழக்கமாயிற்று, இப்போது கையில் கொஞ்சம் காசும் நேரமும் உள்ளவர்களின் ஆசையாக வந்து நிற்கிறது.

தமிழர்கள் இந்த ஊருக்கு வந்தது சர்க்கார் வேலையின் பின்னால். 1911 டிசம்பரில் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். 1931 பிப்ரவரியில் புது தில்லி முறைப்படி திறக்கப்பட்டது. டைப்பும் சுருக்கெழுத்தும் படித்த பையன்கள் வந்து கரோல் பாகில் அறை எடுத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு லோதி காலனி, விநய் நகராக இருந்து பெயர் மாறிய சரோஜினி நகர், நேதாஜி நகர், ராமகிருஷ்ணபுரம் என்று குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகப் பரவினார்கள். பையன் லீவில் ஊருக்குப் போவான், கல்யாணம் ஆகும், ஜி.டி. எக்ஸ்பிரஸில் பெண்டாட்டியோடு திரும்புவான். அந்தப் பெண்ணுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் வாசல் தெளிக்கும்போது காலில் படுகிற ஈரம். தில்லியிலோ 1935 ஜனவரி 16 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் மைனஸ் 0.6 டிகிரி பதிவாகியிருக்கிறது. அவ்வளவு கீழே எல்லா வருஷமும் போகாது என்றாலும், வெந்நீர் அடுப்பு மூட்டாமல் கை நனைக்க முடியாத காலைகள் வருஷத்துக்கு இரண்டு மாதம் நிச்சயம்.

கைவேலை தெரியாதவள் என்று அவளைச் சொல்ல முடியாது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரி அம்மாள் 1820 வாக்கில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்தே தெற்கத்திப் பெண் பள்ளிக்கூடங்களில் ஊசி வேலைக்கு ஒரு மணி நேரம் உண்டு. குரோஷாக் கொக்கியால் ரேடியோவுக்கு விரிப்புப் போடுவாள். தலையணை உறையில் எம்பிராய்டரி கிளி வைப்பாள். வயர் கூடை போடுவாள். ஆனால் இரண்டு நீள ஊசியும் கம்பளி உருண்டையும் அவள் ஊரில் யாருக்கு வேண்டும்? முதல் குளிர்காலத்தை அவள் வீட்டுக்காரருடைய பழைய ஸ்வெட்டரை மடிசாருக்கு மேல் மாட்டிக்கொண்டு, கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்பைத் திணித்துக்கொண்டு ஒப்பேற்றினாள். தில்லி மாமி என்ற அந்த உருவத்தைப் பார்த்துச் சிரிக்காத உறவினர் கிடையாது. சிரித்தவர்களும் தில்லி வந்த மறுநாள் அப்படித்தான் நின்றார்கள்.

சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீடு. 1947க்குப் பிறகு மேற்குப் பஞ்சாபிலிருந்து எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களுக்காகப் பட்டேல் நகரும் ராஜேந்திர நகரும் எழுந்தன. இரண்டும் கரோல் பாகுக்குக் கூப்பிடு தூரம். குவார்ட்டர்ஸிலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சாபிக் குடும்பம் இருக்கும். அந்த வீட்டுப் பெஹன்ஜி கண்ணால் பார்க்காமலே பின்னுவாள்; பேச்சு வம்பில் இருக்கும், விரல் கணக்கில் இருக்கும். மாமி அவளிடம் முதலில் கற்றது பார்டர். மெல்லிய பதினோராம் நம்பர் ஊசியில் ரெண்டு சீதா, ரெண்டு உல்ட்டா. நான்கு விரற்கடை பின்னியதும் ஒன்பதாம் நம்பருக்கு மாறி உடம்பு. நேர்ப்பின்னல் சீதா, புரட்டுப் பின்னல் உல்ட்டா, ஊசி சலாயி, கண்ணி ஃபந்தா, நூல்கட்டு லச்சி. மாமியின் இந்தி இந்த வழியாகத்தான் வந்தது. எண்ணுவதற்குக் கற்றுக்கொண்ட இந்தியில் அவள் காய்கறிக்காரனோடு சண்டை போட்டாள், பள்ளிக்கூட டீச்சரோடு பேசினாள். இந்தியை எதிர்த்துத் தமிழ்நாடே கொதித்த 1965இல் கூட, கரோல் பாக் மொட்டை மாடியில் தமிழ்ப் பெண்கள் சீதா உல்ட்டா என்றுதான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். டிசைனுக்குப் பதிலாக இந்தப் பக்கத்திலிருந்து இட்லி மாவும் டிகாக்‌ஷன் காபியும் சுவர் தாண்டிப் போயின. பஞ்சாபி வீட்டில் காபி பிடித்துப்போன பின் அதை நிறுத்துவது பெரும்பாடு.

நூல் கரோல் பாகின் அஜ்மல்கான் ரோட்டில். அவுன்ஸ் போய் கிராம் வந்து வெகுநாள் ஆகியும் அவுன்ஸ் கணக்கே வாயில் வந்தது. கான்பூரில் 1876இல் தொடங்கிய ஆலையின் லால் இம்லி, குருதாஸ்பூர் பக்கம் 1880இல் தொடங்கிய தாரிவால், இந்த இரண்டு பெயருக்கும் மரியாதை அதிகம். பிறகு லூதியானாவின் ஓஸ்வால், வர்த்மான். அக்டோபர் பிறந்தால் இந்திப் பெண்கள் பத்திரிகைகள் பின்னல் சிறப்பிதழ் போடும். அதில் வந்த டிசைனை எதிர்வீடு முதலில் போட்டுவிட்டால் அந்த வாரம் பேச்சுவார்த்தை கிடையாது.

பதினோரு மணிக்கு வெயில் முற்றத்துக்கு வரும். கட்டில்கள் வெளியே வரும். மூன்று மணி வரை வெயில் நகர நகரக் கட்டிலும் நகரும். மடியில் பட்டாணி, பக்கத்தில் கறுப்பு உப்புத் தூவிய முள்ளங்கி, ஆரஞ்சு, வேர்க்கடலை. யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், யார் வீட்டில் மாமியார் வந்திருக்கிறார், எந்த ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பெரிய சபைகளைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். இந்த முற்றத்துச் சபையில் பதவி இல்லை, தீர்மானம் இல்லை. ஆனால் மொழி தெரியாத ஊரில் ஒரு பெண்ணைப் பிடித்து நிறுத்தியது அதுதான். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் பெஹன்ஜிதான், அம்மா ரயிலேறி வருவதற்குள்.

வேலைக்குப் போன பெண்கள் அந்த வெயிலை ஆபீஸ் புல்வெளியில் பிடித்தார்கள். கிருஷி பவன், உத்யோக் பவன் பக்கத்துப் புல்தரைகளில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஒரு காட்சி: ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து சீட்டாடுவார்கள், பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பின்னுவார்கள். மேஜைக்கு அடியிலும் பின்னல் ஓடியது உண்மை. சர்க்கார் ஆபீஸ் என்றால் ஸ்வெட்டர் பின்னும் பெண் என்று கார்ட்டூனிஸ்டுகள் ஒரு முத்திரையே குத்திவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சீட்டாடின ஆண்களை யாரும் அவ்வளவாக வரையவில்லை. ஆட்டத்தில் தோற்ற காசு வீட்டுக்கு வரவில்லை, பின்னின கைகளிலிருந்தோ குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் வந்தது.

ஒரு குளிர்காலத்தில் மட்டும் இந்த வேலைக்குக் கௌரவம் கிடைத்தது. 1962 அக்டோபரில் சீனப் படை எல்லை தாண்டியபோது, இன்று அருணாசலப் பிரதேசமாக இருக்கும் நேஃபா மலைகளில் நம் சிப்பாய்கள் பருத்தி உடுப்பும் கேன்வாஸ் ஷூவுமாக நின்றார்கள் என்ற செய்தி வந்தது. வீட்டு நகைகள் பாதுகாப்பு நிதிக்குப் போயின. பெண்கள் சங்கங்களும் பள்ளிக்கூடங்களும் நூலைப் பங்கிட்டுக் கொடுக்க, தலைநகரமே ஜவான்களுக்காக ஸ்வெட்டரும் மஃப்ளரும் காலுறையும் பின்னிற்று. ஒரு மாதத்தில் சண்டை நின்றுபோனது. பின்னல் நிற்கவில்லை, அந்தச் சமயத்தில் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடப் பெண்கள்தான் எழுபதுகளில் தில்லியை ஸ்வெட்டரால் நிரப்பியவர்கள்.

பின்னுவதில் பாதி பிரிப்பது. பையன் வளர்ந்து கை ஏறிப்போனால் ஸ்வெட்டரைத் தூக்கிப் போடுவதில்லை. தையலை வெட்டி, ஒரு முனையை இழுத்தால் வரிசை வரிசையாக அவிழ்ந்து வரும். சுருண்ட நூலை நாற்காலி முதுகில் சுற்றி லச்சியாக்கி, வெந்நீரில் அலசி, கனமாக ஏதாவது தொங்கவிட்டுக் காயவைத்தால் சுருக்கம் போகும். பிறகு வீட்டுக் குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார வேண்டும், அம்மா உருண்டை சுற்றி முடிக்கும்வரை. அந்தத் தண்டனையிலிருந்து தப்பித்த தில்லிப் பிள்ளை யாரும் இல்லை. அண்ணன் ஸ்வெட்டரும் அப்பா மஃப்ளரும் சேர்ந்து தங்கைக்குப் பட்டை போட்ட ஸ்வெட்டராகும். பள்ளிக்கூடப் பழைய போட்டோவில் கோடு போட்ட ஸ்வெட்டர் தெரிந்தால் அதை டிசைன் என்று நினைத்துவிடக் கூடாது. நூல் போதவில்லை என்று அர்த்தம்.

பஞ்சு அடைத்த போர்வையான ரஜாயின் கதை தனி. ஸ்வெட்டர் பெண்கள் கையில் இருந்தது. ரஜாய்க்குத் தெருவிலிருந்து ஆள் வர வேண்டும். தசரா முடிந்ததும் காலையில் டொய்ங் டொய்ங் என்று ஒரு சத்தம் தூரத்தில் கேட்கும். ஆளுயர வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு பஞ்சு கொட்டுபவர் வருவார். நரம்பு கட்டிய வில்; மரக் கொட்டாப்புளியால் அந்த நரம்பைச் சுண்டினால் அதிர்வில் பஞ்சு பிய்ந்து பறக்கும். போன வருஷம் அழுந்திக் கட்டிதட்டிப்போன பஞ்சை உறையைப் பிரித்து அவர் முன்னால் கொட்டினால், மத்தியானத்துக்குள் அது மலை மாதிரி உப்பிவிடும். மூக்கில் துணி கட்டியிருப்பார். வருஷக்கணக்கில் பஞ்சுத் தூசி ஏறி அவர்கள் நுரையீரல் என்ன ஆயிற்று என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. பல் கிடுகிடுக்கும் குளிரில் கதகதப்பாகத் தூங்கியவர்களுக்கு அந்தக் கேள்வி தோன்றுவதில்லை.

அடுத்த கட்டம் ஒரு ஜாலவித்தை. உறையை உள்பக்கம் வெளியே வரும்படி விரித்து, அதன்மேல் பஞ்சைச் சமமாகப் பரப்பி, ஒரு முனையிலிருந்து பாயைப் போல இறுக்கிச் சுருட்டுவார். பிறகு திறந்திருக்கும் வாய்ப்பக்கமாக உறையைப் புரட்டி இழுப்பார். பிரிக்கும்போது பஞ்சு முழுக்க உள்ளே இருக்கும், வெளியே பூப்போட்ட துணி. கம்பால் தட்டிச் சமன் செய்தபின் நீள ஊசியும் தடி நூலுமாக ஓட்டுத் தையல். அந்தத் தையல் இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் பஞ்சு காலடிக்குப் போய், மார்பில் வெறும் துணி கிடக்கும். தையல் வேலையைப் பல வீடுகளில் பெண்களே எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் உட்கார்ந்து நடுவை நோக்கித் தைத்துக்கொண்டு வருவார்கள். தமிழ் வீட்டு ரஜாய்க்கு ஒரு அடையாளம் உண்டு: உள்பக்கத் துணி நைந்துபோன ஒன்பது கஜம் புடவையாக இருக்கும். சுங்குடிப் புள்ளியும் கட்டமும் முகத்தில் பட, பஞ்சாபிப் பஞ்சுக்குள் தூங்கினோம். வசதியானவர்கள் ஜெய்ப்பூர் ரஜாய் வாங்கினார்கள். பஞ்சைத் திரும்பத் திரும்பக் கொட்டி, எடையே தெரியாமல் செய்வது அதன் பெருமை. எனக்கென்னவோ மேலே கொஞ்சம் பாரம் இருந்தால்தான் தூக்கம்.

அந்த வில்லின் சத்தம் இன்று தில்லியில் அநேகமாகக் கிடையாது. ஒதுக்குப்புறத் தகரக் கொட்டகையில் ஒரு மோட்டார் யந்திரம் பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிடுகிறது. அதற்கும் கொண்டுபோகிறவர்கள் குறைவு. தில்லிக்கு வடக்கே தொண்ணூறு கிலோமீட்டரில் பானிப்பட் இருக்கிறது. மேல்நாடுகள் தூக்கிப்போட்ட கம்பளி உடுப்புகளைப் பிய்த்து, மறுபடி நூலாக்கிக் கம்பளி நெய்கிற ஊர். வெள்ளம், பூகம்பம் என்றால் ஜனங்களுக்குப் போர்வையாகப் போனது பெரும்பாலும் அந்தச் சரக்குதான். இப்போது அங்கேயே பாலியஸ்டர் யந்திரங்கள் ஓடுகின்றன. ரோஜாப்பூ போட்ட வழுவழு மிங்க் போர்வை துவைக்கிற மிஷினுக்குள் போகும், மறுநாள் காய்ந்துவிடும். ரஜாயைப் பிரித்துத் தைக்க வேண்டிய வீட்டுப் பெண்ணாக இருந்தால் நானும் மிங்கைத்தான் வாங்கியிருப்பேன்.

ஸ்வெட்டருக்கும் அதே கதிதான், ஆனால் ஒரே நாளில் இல்லை. முதலில் அக்ரிலிக் வந்தது, கேஷ்மிலான் என்ற பெயரில். உடம்பு அரிக்காது, பூச்சி அரிக்காது, நிறமோ கண்ணைப் பறிக்கும். பிறகு லூதியானா யந்திரங்கள். 1984இல் ஓஸ்வால் மாண்டி கார்லோ என்ற பெயரில் ஸ்வெட்டர் விற்கத் தொடங்கியபோது, பின்னலைவிடக் கடைச் சரக்கு ஒசத்தி என்ற எண்ணம் காலேஜ் பிள்ளைகளுக்குள் புகுந்தது. 1959க்குப் பின் வந்த திபெத்திய அகதிகள் ஆரம்பத்தில் கையால் பின்னியே ஸ்வெட்டர் விற்றார்கள். அவர்களே லூதியானா சரக்குக்கு மாறிவிட்டார்கள். மதுரையிலும் திருச்சியிலும் குளிர்காலத்தில் கடை போடுகிறவர்களும் அவர்கள்தான். கடைசி அடி பள்ளிக்கூடத்திலிருந்து. முன்பெல்லாம் நேவி ப்ளூ என்று மட்டும் சொல்வார்கள்; அம்மா பின்னிவிடுவாள். பிறகு முத்திரை போட்ட ஸ்வெட்டரைக் குறிப்பிட்ட கடையில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். வளரும் குழந்தைக்குப் பின்னுகிற வேலையே போன பின் எந்தக் கை ஊசியை எடுக்கும்? 1985இல் மத்திய அரசுக்கு ஐந்து நாள் வாரம் வந்து, சாப்பாட்டு நேரம் சுருங்கியது. 2014இல் விரல் ரேகை வருகைப்பதிவு வந்தது. புல்வெளி வட்டங்கள் கலைந்தன, சீட்டாட்டமும் சேர்த்து.

இதெல்லாம் போனதில் எனக்குப் பெரிய துக்கம் இல்லை. கழுத்தைச் சொறிய வைத்த ஸ்வெட்டர்கள் அவை. வருஷம் முழுக்க அடுக்களையில் நின்றவள் வெயிலில் உட்காரும்போதும் கையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்ற சட்டமும் அதில் ஒளிந்திருந்தது. அன்பாகப் பின்னினாள் என்கிறோம். பின்னாமல் இருக்க அவளுக்கு வழி இருந்ததா?

போனதில் வலிப்பது அந்த இடம். 2016இல் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு குவார்ட்டர்ஸ் காலனிகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2018இல் ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்து ஜனங்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்கள், உயர் நீதிமன்றம் தடை போட்டது. மரத்துக்காவது ஆள் நின்றது. முற்றத்துக்கும் கட்டிலுக்கும் யார் நிற்பார்கள்? ஒற்றை மாடி வீடுகள் போய் அடுக்கு மாடி வருகிற இடத்தில் பால்கனிக்குப் பால்கனி வெயில் தனித்தனி. அந்த வெயிலும் இப்போது முழுசாக இல்லை. நவம்பரில் புகை இறங்கினால் காற்றுத் தரக் குறியீடு நானூறைத் தாண்டுகிறது, முதியோர் வெளியே வர வேண்டாம் என்று அறிவிப்பு வருகிறது. முன்பு வெயில் காய வா என்று வெளியே கூப்பிட்ட மாதங்களில் இப்போது உள்ளே இருக்கச் சொல்கிறார்கள்.

பின்னல் மட்டும் சாகவில்லை. விசித்திரமான இடங்களில் தலை தூக்குகிறது. உலகெங்கும் பின்னுகிறவர்கள் விரும்பி வாங்கும் நிட்ப்ரோ ஊசிகள் நொய்டா நிறுவனம் ஒன்றின் தயாரிப்பு. யமுனையின் அக்கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகின்றன. அன்ஷு குப்தா 1999இல் தில்லியில் தொடங்கிய கூஞ்ச், உடுத்தவே முடியாத கிழிசல்களைச் சேர்த்துச் சுஜ்னி மெத்தையாகத் தைக்கப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறது. நடைபாதையில் தூங்குகிறவர்களுக்கும் பீகார் கிராமங்களுக்கும் அவை போகின்றன. பழைய புடவை ரஜாயின் தம்பி என்று அதை நான் நினைத்துக்கொள்வேன். குளிரே தெரியாத சென்னையோ எல்லோரையும் மிஞ்சிவிட்டது. சுபஸ்ரீ நடராஜன் திரட்டிய மதர் இண்டியாஸ் குரோஷே குவீன்ஸ் என்ற பெண்கள் குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்து கின்னஸில் இடம் பிடித்தது. அந்தத் துண்டுகளையெல்லாம் பிறகு போர்வையாகப் பிரித்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ஊரில் விட்டுவந்த ஒற்றைக் கொக்கிதான் கடைசியில் ஜெயித்தது என்று தில்லி மாமிகள் சிலர் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். இரட்டை ஊசிக் கட்சிக்கு அதில் இன்னும் சமாதானம் இல்லை.

2020 பொதுமுடக்கத்தில் யூடியூபைப் பார்த்துப் பழகியவர்கள் தில்லியிலும் ஏராளம். ஆண்களும் இருக்கிறார்கள், மீசையோடு. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தால் சுந்தர் நர்சரிப் பூங்காவில் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், பாய் விரித்துப் பின்னுகிறார்கள். நூல் இணையத்தில் வருகிறது, மெரினோ, மூங்கில், பால்நார் என்று என்னென்னவோ. மணிப்பூர்ப் பெண், கேரளப் பையன், ராமகிருஷ்ணபுரத்தில் பிறந்து தமிழ் அரைகுறையாகப் பேசும் பெண் எல்லோரும் ஒரே பாயில். எண்ணுவது ஆங்கிலத்தில்: நிட், பர்ல். பெரும்பாலும் தலையைத் தூக்காமல், திரையில் ஓடும் வீடியோவை நிறுத்தி நிறுத்தி. அந்த வழியாக நடைப்பயிற்சி போகிற கிழவிகள் தாண்டிப் போக முடியாமல் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி கொஞ்ச நேரம் பொறுத்தாள். பிறகு, “பேட்டா, ஃபந்தா விழுந்துடுச்சு பார், நாலு வரிசைக்குக் கீழே” என்று இந்தியில் சொல்லிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஊசியை வாங்கிக்கொண்டாள். விழுந்த கண்ணியை ஏற்றிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள் என்று பார்த்தால், பார்டர் முடிகிறவரை கொடுக்கவில்லை.